பெயரை எடுத்துக்கொண்டவன்: 'நான்' திரைப்படத்தை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

திரைப்படங்களைக் குறித்துத் திருச்சபை இதழ்களில் வெளிவரும் எழுத்துக்கள் பெரும்பாலும் இரு பாதைகளிலேயே செல்லக் காண்கிறோம். ஒன்று, படத்தைப் பார்க்காமலேயே எழுதப்பெறும் கண்டனம். மற்றொன்று, கதையின் நடுவே எங்கேனும் ஒரு சிலுவையோ, வெள்ளங்கி தரித்த குருவானவரோ தோன்றிவிட்டால் அதனையே பெரும்பேறாகக் கொண்டு எழுதப்பெறும் பாராட்டு. இவ்விரண்டினாலும் படத்திற்கும் பயனில்லை. இறையியல் பயில்வோருக்கும் பயனில்லை. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் படத்தில் நம்மை மகிழ்விக்கும் காட்சி எதுவும் இல்லை. கொலைகள் உண்டு, அடுக்கடுக்கான பொய்கள் உண்டு, குற்றம் செய்தவன் தண்டனையின்றித் தப்பிச் செல்லும் முடிவும் உண்டு. எனினும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்ச் சபைகளில் பணியாற்றும் ஆயர்கள் இதனை ஒருமுறையேனும் பொறுமையுடன் பார்த்தல் நலம் என்று கருதுகிறோம். அதற்குரிய காரணத்தைப் போகப்போகக் கூறுவோம்.

ஜீவா சங்கர் இயக்கிய 'நான்' 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வெளிவந்தது. இசையமைப்பாளர் விஜய் ஆண்டனி கதைத்தலைவனாக நடித்த முதற்படம் இது. கதை சுருக்கமாக இதுதான். கார்த்திக் என்னும் சிறுவன் தன் தாயின் பிறழ்ந்த உறவைக் கண்டு தந்தையிடம் கூறுகிறான். தந்தை தற்கொலை செய்துகொள்கிறார். அதன் பின்னும் அவ்வுறவு தொடர்வதைக் கண்ட சிறுவன், இருவரையும் உள்ளே வைத்துப் பூட்டித் தீயிட்டுவிடுகிறான். சிறார் சீர்திருத்தப் பள்ளியில் வளர்ந்து வெளிவரும் அவனுக்கு உறவினர் வீட்டில் இடமில்லை. சென்னைக்குப் பேருந்தில் செல்கையில் விபத்து நேர்கிறது. அருகில் அமர்ந்திருந்த முகமது சலீம் என்னும் இளைஞன் இறக்கிறான். இறந்தவனுடைய பெட்டியில் அவனுடைய சான்றிதழ்களும், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தமைக்கான தாள்களும் உள்ளன. கார்த்திக் அப்பெட்டியுடன் கல்லூரிக்குள் நுழைந்து சலீம் ஆகிவிடுகிறான். அசோக் என்னும் செல்வர் வீட்டு மாணவன் அவனுக்கு நண்பனாகித் தன் இல்லத்திலேயே தங்க வைக்கிறான். உண்மை வெளிப்பட்ட வேளையில் எழும் கைகலப்பில் அசோக் உயிரிழக்கிறான். சலீமாக வாழ்ந்துகொண்டிருந்த கார்த்திக், அதன் பின் தொலைபேசியில் அசோக்காகவும் வாழவேண்டியவனாகிறான். முதற்பொய்யைக் காக்க மேலும் ஓர் உயிர் பலியாகிறது. காவல்துறை ஐயுறுகிறது, மெய்ப்பிக்க இயலவில்லை.

பட்ரீசியா ஹைஸ்மித் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1955இல் வெளியிட்ட ரிப்ளி நாவலின் சாயல் இக்கதையின் பிற்பகுதியில் வெளிப்படை. அந்நாவலை 1960இல் ரெனே கிளெமான் பிரெஞ்சிலும், 1999இல் அந்தோணி மிங்கெல்லா ஆங்கிலத்திலும் படமாக்கினர். கிளெமான் இறுதியில் பிணத்தைப் படகோடு கரைக்கு இழுத்து வந்து குற்றவாளியைச் சிக்க வைத்தார். ஹைஸ்மித்தோ தம் நாவலில் அவனைத் தப்பவிட்டிருந்தார். தமிழ்ப்படம் இவ்வொரு செய்தியில் நாவலின் பக்கம் நிற்கிறது. அதனைத் துணிவு என்றே கொள்ளவேண்டும். ஆனால் தழுவலில் நிகழ்ந்த மாற்றமே நமக்கு முக்கியமானது. ரிப்ளி விரும்பியது ஒரு வாழ்க்கைமுறை: நல்ல உடை, நல்ல ஓவியம், கடலோர வீடு, பிறருடைய சோம்பலான செல்வம். கார்த்திக் விரும்பியது ஒரு சான்றிதழ். ஐரோப்பியக் கதையில் சுவையைப் பற்றியதாக இருந்த ஏக்கம், தமிழ்நாட்டிற்கு வந்தவுடன் மதிப்பெண் பட்டியலைப் பற்றியதாகிவிட்டது. இம்மாற்றத்தை இயக்குநர் எண்ணித்தான் செய்தாரா என்பது வேறு கேள்வி. மண் தானாகவே செய்துகொள்ளும் மாற்றங்களும் உண்டு.

மக்கள் இதனைத் திகில் படமாகவே பார்த்தனர். விளம்பரமும் அவ்வாறே செய்யப்பட்டது. நமது கணிப்பில் இப்படத்தின் உயிர் இருண்ட நகைச்சுவையில் இருக்கிறது. அசோக் இறந்த பின்னர் அவனுடைய குரல் முன்னிலும் சுறுசுறுப்பாகப் பேசத் தொடங்குகிறது. தந்தைக்குச் சமாதானம் சொல்கிறது. காதலியிடம் சாக்குப்போக்குக் கூறுகிறது. மறுமுனையில் இருப்பவர்கள் அன்போடும் கோபத்தோடும் பிணத்துடன் உரையாடிக்கொண்டிருக்கிறார்கள். தொல்காப்பியர் நகைச்சுவைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுவார். அவற்றுள் இரண்டு அறியாமையைச் சார்ந்தவை. இங்கே அறியாமை யாருடையது என்பதில்தான் சிக்கல். தொலைபேசியில் கேட்பவர்களுடைய அறியாமையைக் கண்டு சிரிப்பு எழ வேண்டிய இடத்தில், நமக்கு எழுவது பதற்றம். கதவு தட்டப்படும்போது நம் நெஞ்சு படபடப்பது யாருக்காக? கொன்றவனுக்காகவே. அவன் அகப்பட்டுவிடக்கூடாதே என்று இருட்டில் அமர்ந்து ஏங்கும் நம்மைப் பார்த்துத்தான் படம் சிரிக்கிறது. இதை இயக்குநர் இன்னும் தெளிவாக உணர்ந்து, இடையிடையே வரும் கல்லூரிக் கேளிக்கைகளையும் பாட்டுக்களையும் குறைத்திருந்தால், தமிழில் அருமையானதொரு கருநகைப் படம் கிடைத்திருக்கும். இப்போது கிடைத்திருப்பது அதன் பாதி.

இக்குரல் விவகாரம் நம்மை ஆதியாகமம் இருபத்தேழாம் அதிகாரத்திற்குத் தவிர்க்கவியலாமல் அழைத்துச் செல்கிறது. யாக்கோபு ஏசாவாகத் தன் தந்தையின் முன் நின்ற கதையை நாம் ஆசீர்வாதத்தின் கதையாகவே பிரசங்கித்துப் பழகிவிட்டோம். அது ஓர் ஆள்மாறாட்டக் கதை; நகைச்சுவை கலந்த குற்றக்கதையும் ஆகும். வெள்ளாட்டுத் தோலைக் கையில் போர்த்துக்கொண்டு, அண்ணனுடைய உடையின் வாசனையோடு, வேட்டைக்கறி போலச் சமைத்த ஆட்டிறைச்சியுடன் ஒருவன் பார்வை மங்கிய முதியவரின் முன் நிற்கிறான். தொட்டுப் பார்த்தல், முகர்ந்து பார்த்தல், சுவைத்துப் பார்த்தல் ஆகிய மூன்றும் ஈசாக்கை ஏமாற்றிவிடுகின்றன. ஏமாற்றாதது குரல் ஒன்றே. குரல் யாக்கோபினுடையது என்பது அவருக்குத் தெரிகிறது; தெரிந்தும் கையை நம்புகிறார். 'நான்' படத்தில் இது தலைகீழாகிவிடுகிறது. இங்கே தொடுவதற்குக் கை இல்லை; முகர்வதற்கு உடை இல்லை. குரல் ஒன்றே இருக்கிறது. பொய் சொல்வதும் அக்குரலே. பழைய கதையில் கடைசி வரை உண்மையாய் நின்ற ஒரே சாட்சி, புதிய கதையில் முதலில் விலைபோகிறது. இன்று கணிப்பொறியைக் கொண்டு எவருடைய குரலையும் போலச் செய்து, மகன் பேசுவதாகத் தாயை நம்பவைத்துப் பணம் பறிப்போர் உண்டு. 2012இல் ஒரு நடிகனின் தனித்திறமையாகக் காட்டப்பட்டது இன்று கடையில் கிடைக்கும் கருவி.

யாக்கோபின் கதையில் நகைச்சுவை அத்துடன் முடிவதில்லை. காணவியலாத தந்தையை ஏமாற்றியவன், இருளில் தன் மணமகளை அடையாளம் காணாமல் லேயாளோடு விடிகிறான். மூத்தவனாக நடித்த இளையவனுக்கு, இளையவளுக்குப் பதிலாக மூத்தவள் வந்து வாய்க்கிறாள். லாபான் சொல்லும் சமாதானத்தில் உள்ள எள்ளலை நமது வேதபாட வகுப்புகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. பின்னர் யாப்போக்கு ஆற்றின் துறையில் இரவெல்லாம் போராடியவனிடம் பெயர் கேட்கப்படுகிறது. முன்பொரு முறை நீ யார் என்று கேட்டபோது அண்ணன் பெயரைச் சொன்னவன், இம்முறை தன் பெயரையே சொல்லுகிறான். அதன்பின் வேறு பெயர் கொடுக்கப்படுகிறது. கார்த்திக்குக்கு அப்படியோர் இரவு வாய்க்கவில்லை. படத்தில் அவனிடம் பெயர் கேட்பவர்கள் அனைவரும் ஏதோவொரு படிவத்தை நிரப்புவதற்காகக் கேட்பவர்களே. படத்திற்கு 'நான்' என்று பெயரிட்டிருப்பதிலுள்ள கசப்பு இதுதான்.

பிறருடைய உருவை எடுத்துக்கொள்ளும் கதைகள் தமிழிலக்கியத்திற்கும் புதியவை அல்ல. மணிமேகலை, தன்னைப் பின்தொடரும் உதயகுமரனிடமிருந்து விலகி நிற்பதற்காகக் காயசண்டிகையின் உருவத்தை மேற்கொள்கிறாள். அவள் நோக்கம் தூயது. அமுதசுரபியை ஏந்திப் பசித்தோருக்கு உணவளிக்கும் பணி தடைபடலாகாது என்பதே. ஆயினும் காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் உருவத்தைக் கண்டு மயங்கி, இளவரசனை வெட்டி வீழ்த்திவிடுகிறான். நல்ல நோக்குடன் இரவல் வாங்கிய உருவமும் ஓர் உயிரைக் கேட்டது. சாத்தனார் அதனை மறைக்கவில்லை. பூசி மெழுகவும் இல்லை. இத்தகைய நேர்மையைத் தற்காலத் திரைக்கதைகளில் தேடவேண்டியிருக்கிறது.

அதே 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பொங்கலையொட்டி, சங்கரின் 'நண்பன்' வெளியாயிற்று. 2009இல் இந்தியில் வந்த படத்தின் மறுவாக்கம். அதுவும் ஆள்மாறாட்டக் கதையே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தோட்டக்காரரின் பிள்ளை, பண்ணையாரின் மகன் பெயரில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து படித்து, பட்டத்தைப் பண்ணையார் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுக் காணாமற்போகிறான். பட்டத்திற்குரிய உண்மையான பெயர்க்காரனிடமிருந்து மறைபொருளை வரவழைப்பதற்காக, அவன் தந்தையின் சாம்பல் நிறைந்த கலயத்தைக் கழிப்பறையில் கொட்டிவிடுவோம் என்று நண்பர்கள் மிரட்டும் காட்சியில் அரங்கமே அதிர்ந்து சிரித்தது. இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்குங்கால் ஒன்று புலனாகும். 'நண்பன்' கதையில் கல்வி தோட்டக்காரர் மகனிடம் தங்கிற்று, தாள் பண்ணையாரிடம் போயிற்று. 'நான்' கதையில் தாள் கையில் இருந்தமையாலேயே மற்ற யாவும் அடுத்தடுத்துக் கைகூடின. முதற்படம் கல்விக்குத் தாள் வேண்டியதில்லை என்று நம்மை மகிழ்வித்து அனுப்புகிறது. ஆனால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் வாயிலில் நிற்கும் இளைஞன் எவனும் அதனை நம்பமாட்டான். அவன் அறிந்த உலகம் இரண்டாம் படத்தினுடையது.

தமிழ்நாட்டில் தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு 2007இல் நீக்கப்பட்டபின், 'நான்' வெளியான காலத்தில் மருத்துவக் கல்லூரி இடம் மேல்நிலைத்தேர்வு மதிப்பெண்ணாலேயே தீர்மானிக்கப்பட்டது. ஆகவே ஒரு பெட்டியிலுள்ள தாள்களே ஒருவனை மருத்துவனாக்கும் என்னும் கதை நம்பத்தக்கதாயிருந்தது. நீட் தேர்வு வந்தபின் இது இயலாது என்று எண்ணியோர் இருந்தனர். 2019 செப்டம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில், தேர்வை எழுதியவர் ஒருவர், வகுப்பில் அமர்ந்தவர் வேறொருவர் என்னும் புகார் எழுந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணை வேறு கல்லூரிகளுக்கும் நீண்டது. அவ்வழக்கில் வறியவன் ஒருவன் செல்வரின் இடத்தைப் பறிக்கவில்லை. பணம் கொடுத்து ஆள் வைத்ததாகவே குற்றச்சாட்டு. திரைக்கதை ஆசிரியர்கள் ஏழையைக் குற்றவாளியாகக் கற்பனை செய்துகொண்டிருந்த வேளையில், நடப்பு வேறு வகுப்பாரிடம் நிகழ்ந்துகொண்டிருந்தது.

இனி மேற்குப் புறநகரைக் குறித்து நாம் தொடக்கத்தில் சொன்னதற்கு வருவோம். ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் நிலைபெற்றபின், ஏரிகளும் நெல்வயல்களுமாயிருந்த ஊர்கள் மனைப்பிரிவுகளாயின. நெல்லையிலிருந்தும், வடஆர்க்காட்டிலிருந்தும், செங்கற்பட்டுச் சிற்றூர்களிலிருந்தும் வந்தவர்கள் அருகருகே குடியேறினர். சொந்த ஊரில் ஒருவனை யார் மகன் என்று கேட்டால் போதும்; இங்கே அடுத்த வீட்டுக்காரரின் தகப்பனாரை அறிந்தவர் இலர். ஆள் யார் என்பதை இனித் தாளே சொல்லவேண்டும். ஓய்வுக்கால நிதியைக்கொண்டு மனை வாங்கிப் போட்டுவிட்டு வேற்றூரில் வாழ்வோருடைய நிலத்தை, அவர் பெயரில் வேறொருவர் சார்பதிவாளர் முன் நின்று விற்றுவிடுதல் இவ்வட்டாரத்துச் செய்தித்தாள் வாசகர்களுக்குப் பழகிப்போன குற்றம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, பொது அதிகாரப் பத்திரம் ஆகிய சொற்கள் நம் சபைகளின் ஜெபக் குறிப்புகளிலேயே இடம்பெறுகின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 416ஆம் பிரிவில் இதனை ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதல் என்று வரையறுத்து, மூன்றாண்டுவரை சிறை விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 319ஆம் பிரிவில் அதனை ஐந்தாண்டுவரை உயர்த்தியுள்ளது. பதிவு அலுவலகத்தில் கைரேகை வாங்குவதைக் காணும்போதெல்லாம், மகனுடைய கையைத் தடவிப் பார்த்த ஈசாக்கு நம் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது.

படத்தின் குறைகளில் இரண்டை மட்டும் சுட்டுவோம். முதலாவது, தாய். எல்லாக் குற்றங்களின் வேரும் ஒரு பெண்ணின் பிறழ்வே என்று தொடங்கி, அவளுக்கு ஒரு சொல்லேனும் தன் சார்பில் சொல்ல வாய்ப்பளிக்காமல் எரித்துவிடுகிறது கதை. ரெபெக்காளும் வஞ்சகத்திற்கு உடந்தையானவளே; ஆயினும் அதன் சாபம் தன்மேல் வரட்டும் என்று ஏற்கும் உரிமையை ஆதியாகம ஆசிரியர் அவளுக்குக் கொடுத்திருக்கிறார். நமது திரைக்கதையில் அந்த அளவு நேர்மையும் இல்லை. இரண்டாவது, இறந்த சலீம். 1990களுக்குப் பிறகு முஸ்லிம் பெயர் என்றாலே அச்சத்தை எழுப்பும் அடையாளமாகக் காட்டிவந்த திரையுலகில், ஓர் இந்து இளைஞன் அப்பெயரைப் புகலிடமாகக் கொள்வது புதுமை என ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அப்பெயரை அணிந்து நடப்பதற்கு இந்நகரில் ஒரு விலை உண்டு. வாடகைக்கு வீடு தேடிச் செல்லும் முஸ்லிம் இளைஞன் அதனை முதல் தெருவிலேயே அறிந்துகொள்வான். நம் கதைத்தலைவனுக்கோ அப்பெயர் வழியனைத்தையும் திறந்துவிடும் சாவியாகவே அமைகிறது. உரியவனுடைய சுமை இன்றி அவனுடைய பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் குற்றவாளிக்கு இயல்பு. அதைப் படமும் சேர்ந்து செய்யலாமா? 2014இல் வந்த தொடர்ச்சிக்கு 'சலீம்' என்றே பெயரிட்டனர். அதிலும் அப்பெயரை முதலில் தரித்திருந்தவன் யார் என்பது பொருட்டாகவில்லை.

இவ்விடத்தில் நம் சொந்த வீட்டுச் சிக்கல் ஒன்றைப் பேசாமல் செல்லுதல் நேர்மையாகாது. படத்தில் ஒரே பெயரை இருவர் தரித்தனர். நம் சபைகளில் ஒருவரே இரு பெயர்களைத் தரித்து வாழ்கின்றனர். பள்ளிச் சான்றிதழில் முருகன். சபைப் பதிவேட்டில் மோசே. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் அவ்வுரிமையை அளித்தது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டது. கிறிஸ்தவராகும் தலித்து அதனை இழக்கிறார். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். சாதி அவரை விட்டுவிட்டதா எனில், சேரியும் தெருவும், சில இடங்களில் கல்லறைத் தோட்டமுமே விடை கூறும். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியல் உரிமையையும் பிரிக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் இயற்றிற்று. மாறாக, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியைச் சார்ந்த ஒருவரது வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைக்கொண்டவாறே இடஒதுக்கீட்டிற்காக இந்து என உரிமை கோருவது அரசியலமைப்பின்மேல் இழைக்கப்படும் மோசடி என்று கடுமையாகக் கூறியது.

அவ்வாறாயின் முருகனாகிய மோசேயும் கார்த்திக்காகிய சலீமும் ஒரே வரிசையில் நிற்பவர்களா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. கார்த்திக் பிறனுடைய பெயரை எடுத்தான். இவர் எடுத்த இரண்டு பெயரும் இவருடையவையே. ஒன்றைப் பெற்றோர் இட்டனர், மற்றொன்றை நாம் தண்ணீரோடு இட்டோம். எவருடைய இடத்தையும் இவர் பறிக்கவில்லை; தம் பாட்டனாருக்கு மறுக்கப்பட்ட இடத்தையே கேட்கிறார். எனினும் இரட்டைப் பெயரில் வாழ்வதனால் உண்டாகும் அச்சம் உண்மையானது. அலுவலகத்தில் எவரேனும் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் விடை தேடுவதும், திருமண அழைப்பிதழில் எப்பெயரை அச்சிடுவது எனத் தடுமாறுவதும், பிள்ளைக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டாம் ஐயா என்று ஆயரிடம் மெல்லக் கூறுவதும் இப்புறநகர்ப் பணித்தளங்களில் அன்றாட நிகழ்ச்சிகள். கதவு தட்டப்படும்போது கார்த்திக்கின் முகத்தில் நாம் காணும் அப்பதற்றம் குற்றம் செய்யாதோர் முகங்களிலும் இருப்பதை அறிந்த ஆயர், இப்படத்தை மற்றவர்களைப்போலப் பார்க்கமுடியாது.

ஆகவே நமது பதிவேடுகளைக் குறித்து ஒரு கேள்வி எழுகிறது. பெயர், தகப்பன் பெயர், தொழில், ஊர் என்று கட்டங்கள் அச்சிட்ட பழைய ஏட்டில் இன்னொரு பெயருக்கு இடமில்லை. இரண்டையும் எழுதி அடையாளப்படுத்திவிடும் ஆயர்கள் உண்டு; ஒன்றை மட்டும் எழுதி மற்றதைத் தம் மனத்தில் வைத்துக்கொள்ளும் ஆயர்களும் உண்டு. முன்னவர் ஏட்டிற்கு உண்மையாயிருக்கிறார். பின்னவர் ஆளுக்கு உண்மையாயிருக்கிறார். அடக்க ஆராதனை முடிந்து கற்பலகை வைக்கும் நாளில் குடும்பத்தார் இரண்டு பெயர்களையும் பொறிக்கச் சொல்லி வந்து நிற்கையில், அவ்விருவரும் என்ன செய்கிறார்கள் என்பதை அறிய விரும்புகிறோம்.